பொறியுள் பொறி

பாண்டி நாட்டுக் கடற்கரை முத்துக்குப் பெயர் பெற்றது. பண்டு கொற்கைத் துறையிலும், கடல் விலகிக் கொற்கை உள்நாட்டு ஊராக மாறிய பின்னர்த் தூத்துக்குடியிலும் முத்துக்குளிப்பு நிகழ்ந்து வந்தது. குளிப்பவர் கல் பிணித்த கயிற்றின் துணையால் கடலின் அடிக்கு விரைந்து இறங்குவார். மேலே தோணியில் இருப்பவர் ஒருவர் மற்றொரு கயிற்றைக் கையிற் பற்றியிருப்பார். கீழே மூச்சு முட்டும் வேளையில் கயிறு அசையும். அசைந்த அக்கணமே மேலிருப்பவர் இழுத்தல் வேண்டும். சிறிது காலந் தாழ்ப்பினும் உயிருக்கு இறுதி நேரும். ஆதலின் இக்கயிற்றை மைத்துனர் கையிலேயே கொடுப்பர் என்று அக்கரையில் ஒரு பேச்சு வழங்குகிறது. தங்கையின் வாழ்வு தன் மைத்துனரின் உயிரோடு பிணைந்திருத்தலின் அவர் கண்ணயரமாட்டார் என்பது கருத்து.

இதனால் ஓர் உண்மை விளங்கும். ஒரு செய்தி சென்று சேர்ந்தால் மட்டும் போதாது. அது காலத்தோடு சென்று சேர்தல் வேண்டும். முத்துக்குளிப்பவரின் கயிற்றுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, இக்காலத்து இணையத் தொலைபேசிக்கும் முற்றப் பொருந்தும்.

தூத்துக்குடி பன்னெடுங்காலமாகவே கடல் கடந்த தொடர்புகளை உடைய ஊர். வ. உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, இவ்வூருக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல்களை ஓட்டினார். தூத்துக்குடி 1974ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டில் அத்துறைமுகம் அப்பெருமகனாரின் பெயரைப் பெற்றது. அவருடைய கப்பல்கள் சென்ற கடலின் அடியிலேயே 2006ஆம் ஆண்டில் கண்ணாடி இழை வடம் ஒன்று இடப்பட்டது. தூத்துக்குடியையும் இலங்கையின் கல்கிசையையும் இணைத்த அவ்வடம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுடையது. கப்பல் பல மணி நேரம் கடந்து செல்லும் தொலைவை, ஒளியாக மாறிய குரல் கண்ணிமைக்கும் பொழுதினும் குறைந்த காலத்தில் கடந்துவிடும்.

குரல் ஒளியாக மாறுவது எங்ஙனம்? இதனை அறிய முதற்கண் பழைய தொலைபேசியின் இயல்பை அறிதல் வேண்டும். அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டில் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் 1882ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொலைபேசி நிலையங்கள் செயற்படலாயின. அந்நாளில் ஒருவர் மற்றொருவருடன் பேச விரும்பினால், நிலையத்தில் இருந்த பணியாளர் இருவருடைய கம்பிகளையும் ஒன்றாக இணைத்து வைப்பார். பேச்சு முடியுமட்டும் அவ்வழி அவ்விருவருக்கே உரியது. அவர்கள் வாய்மூடி இருந்தாலும் அவ்வழியிற் பிறர் புக இயலாது. ஒருவர் தேர் செல்வதற்காக நெடுஞ்சாலை முழுவதையும் அடைத்து வைத்தாற்போன்றது இம்முறை.

இணையத் தொலைபேசியின் முறை இதனின் வேறானது. இங்குக் குரல் முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. பொதுவாக வழங்கும் ஒரு முறையில், ஒரு நொடிக்கு 8,000 தடவை குரலின் ஏற்ற இறக்கம் அளந்து குறிக்கப்பெறும். அவ்வெண்கள் நொடியின் ஆயிரத்தில் இருபது பங்குக்கு ஒன்றாகச் சிறு பொதிகளாகக் கட்டப்பெறும். எனவே ஒரு நொடிப் பேச்சு ஐம்பது பொதிகளாகும். ஒவ்வொரு பொதியின் மேலும் அது சேரவேண்டிய முகவரியும் அதன் வரிசை எண்ணும் இருக்கும். ஒரு நீண்ட மடலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, பக்க எண் இட்டு, தனித்தனி உறைகளில் அஞ்சலில் இடுதல் போல்வது இது. பெறுபவர் அவற்றை வரிசைப்படுத்திப் படித்துக்கொள்வார். சாலை ஒருவருக்கே அடைபடுவதில்லை. பலருடைய பொதிகளும் ஒரே வழியிற் செல்லும்.

நம் நாட்டில் இணையம் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆயினும் இணைய வழியே பேசுதற்குத் தடை இருந்தது. 2002ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள்தொட்டுச் சில வரையறைகளுடன் அஃது இசைவு பெற்றது. 2018ஆம் ஆண்டில் அவ்வரையறைகள் மேலும் தளர்ந்தன.

பொதிகள் வழி தவறாமற் செல்ல ஒரு நிலையம் வேண்டும் அன்றோ? பழைய நிலையத்துப் பணியாளரின் தொழிலை இப்பொழுது ஒரு கணிப்பொறி செய்கிறது. அதனை வழங்கி என்பர்; சர்வர் என்பது வழக்குச் சொல். துறைமுக நகரில் உள்ள ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தை எண்ணிக்கொள்வோம். அங்கே நாற்பது தொலைபேசிகள் உள்ளன. எந்தத் தொலைபேசி எவருடையது, அஃது இப்பொழுது எவ்விடத்தில் உள்ளது, அழைப்பு வந்தால் எங்கே மணி ஒலிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அவ்வழங்கி அறிந்து வைத்திருக்கும். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பொறிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிக்கு ‘சிப்’ என்பது பெயர். இதன் விதிகள் 1999ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றன.

அதே ஆண்டில் மார்க் சுபென்சர் என்னும் அமெரிக்க இளைஞர் ஒருவர் சிறு தொழில் ஒன்றைத் தொடங்கினார். அதற்குத் தொலைபேசி நிலையம் ஒன்று தேவைப்பட்டது. விலையோ மிகுதி. வாங்கும் ஆற்றல் இல்லாத அவர் தாமே கணிப்பொறியில் இயங்கும் ஒரு நிலையத்தை மென்பொருளாக எழுதினார். அதற்கு ‘ஆசுட்டரிசுக்கு’ என்று பெயரிட்டு, எவரும் எடுத்து ஆளலாம், திருத்தலாம் என உலகுக்கு வழங்கினார். அதனால் பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்த தொலைபேசி நிலையம் சிறு வணிகர்க்கும் எட்டுவதாயிற்று. பிறர் கலத்தை எதிர்பாராது தம் கலத்தையே செலுத்த வேண்டும் என்ற கருத்துத் தோன்றிய ஊரில் இச்செய்தி நினைத்தற்கு உரியது.

இனிப் ‘பொறியுள் பொறி’ என்பது யாது எனக் காண்போம். இதனை மெய்ந்நிகர்ப் பொறி என்பர். பெரிய வீடு ஒன்றில் ஒரு குடும்பம் மட்டும் வாழ்ந்தால் பல அறைகள் வீணே பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர் தடுப்புச் சுவர் எழுப்பி நான்கு குடித்தனங்களை வைத்தால் இடம் பயன்படும், செலவும் பகிரப்படும். ஒவ்வொரு குடித்தனமும் தன் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனி வீட்டில் வாழ்வதாகவே உணரும். அதுபோலவே ஆற்றல் மிக்க ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளாலான தடுப்புகளை அமைத்துப் பல கணிப்பொறிகள் இருப்பனபோல் இயங்கச் செய்யலாம். ஒன்றில் அலுவலகக் கணக்கு இயங்கும். மற்றொன்றில் மடற் போக்குவரத்து நிகழும். பிறிதொன்றில் தொலைபேசி வழங்கி இருக்கும். எல்லாவற்றையும் மேற்பார்த்துப் பங்கீடு செய்யும் மென்பொருளே வீட்டுக்காரர்.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே இதனை ஆராய்ந்து, 1972ஆம் ஆண்டில் தம் பெருங்கணிப்பொறிகளுக்கு வெளியிட்டனர். பின்னர்ச் சிறிய கணிப்பொறிகளுக்கும் இம்முறை பரவியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘சென்’ என்னும் மென்பொருள் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2007ஆம் ஆண்டில் லினக்சு இயக்க முறையின் உள்ளேயே இவ்வாற்றல் இடம்பெற்றது.

மெய்ந்நிகர்ப் பொறியால் விளையும் நன்மைகள் பல. பொறி என்பது இங்கே இரும்பும் கம்பியும் அன்று. ஒரு பெரிய கோப்பே ஆகும். ஆதலின் அதனைப் படி எடுத்து வைக்கலாம். கெட்டுப்போனால் படியிலிருந்து மீட்கலாம். சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்தனர் என்று கதைகள் கூறும். மெய்ந்நிகர்ப் பொறி மெய்யாகவே அங்ஙனம் பாயவல்லது. ஓர் உடற்பொறி பழுதுபடும் குறி தோன்றினால், அதன்கண் இயங்கும் மெய்ந்நிகர்ப் பொறியை நிறுத்தாமலே மற்றோர் உடற்பொறிக்கு மாற்றலாம். மாறும் அக்கணத்தில் ஏற்படும் இடையறவு, முறையாக அமைத்திருப்பின், நொடியின் ஒரு சிறு கூறே ஆகும்.

நன்மை இருக்குமிடத்து இடரும் இருத்தல் இயல்பு. தாமிரவருணிப் பாசனத்தைக் கண்டவர்க்கு அவ்விடர் எளிதில் விளங்கும். நீர் குறைந்த காலத்தில் முறைப்பாசனம் வைப்பர். மடை ஒன்று, வயல்கள் பல. இன்று மேல்வயலுக்கு முறை. நாளை கீழ்வயலுக்கு முறை. நெற்பயிர் ஒரு நாள் காத்திருக்கும். அதனால் அது பட்டுப்போவதில்லை. உடற்பொறியின் செயலியும் இங்ஙனமே முறை வைத்துப் பல மெய்ந்நிகர்ப் பொறிகளுக்குத் தன் பொழுதைப் பங்கிடுகிறது. கணக்கு எழுதும் பொறி அரை நொடி காத்திருந்தால் ஒருவரும் அறியார். மடலைச் சுமக்கும் பொறி ஐந்து நொடி காத்திருந்தாலும் குறைகூறுவார் இல்லை. ஆனால் குரல் காத்திராது.

கணக்கிட்டுப் பார்ப்போம். முகவர் அலுவலகத்தில் ஒரே வேளையில் முப்பது அழைப்புகள் நிகழ்கின்றன என்றும், பொதிகள் யாவும் வழங்கியின் வழியே செல்கின்றன என்றும் கொள்வோம். ஓர் அழைப்பில் இருவர். ஒவ்வொருவரிடமிருந்தும் நொடிக்கு 50 பொதிகள் வரும். ஒவ்வொருவருக்கும் 50 பொதிகள் செல்லும். ஆகவே ஓர் அழைப்புக்கு 200; முப்பது அழைப்புகளுக்கு 6,000. ஒரு நொடியில் ஆறாயிரம் பொதிகளை வழங்கி வாங்கியும் அனுப்பியும் ஆகவேண்டும். பக்கத்துக் குடித்தனமாகிய கணக்குப் பொறி திங்கள் முடிவுக் கணக்கைப் போடத் தொடங்கிச் செயலியைப் பற்றிக்கொள்கிறது. தொலைபேசி வழங்கிக்கு முறை வர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாழ்கிறது. அவ்விடைவெளியில் ஒவ்வொருவரின் குரலிலும் பத்துப் பொதிகள் தேங்கிவிடும். தமக்குரிய பொழுதைப் பிறர் கொண்டுபோதலின், இதனைத் ‘திருட்டுப் பொழுது’ என்று பொருள்படும் சொல்லாலேயே கணிப்பொறியாளர் குறிக்கின்றனர்.

பத்துப் பொதிகள் தானே என்று எண்ணற்க. தமிழ் இலக்கணம் எழுத்தொலியைக் கண்ணிமைக்கும் பொழுதாகிய மாத்திரையால் அளந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு குற்றெழுத்தை ஒலிக்கும் காலம் சில பொதிகளின் அளவே ஆகும். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்னும் இரு சொற்களையும் நோக்குக. அவை தம்முள் வேறுபடுவது ஓர் எழுத்தால் மட்டுமே. முன்னதில் குறில், பின்னதில் நெடில். பொருளோ ஒன்றற்கொன்று நேர்மாறு.

வெளிநாட்டிலிருந்து மரம் முதலிய சரக்குகள் கொள்கலன்களில் வருகின்றன. அவற்றிலுள்ள பூச்சிகளைக் கொல்ல நச்சுப்புகை ஊட்டுதல் உண்டு. புகை முற்றும் வெளியேறுமுன் உள்ளே புகுவார் உயிரிழக்கவும் கூடும். அலுவலகத்திலிருந்து ஒருவர் கிடங்கு மேற்பார்வையாளரை அழைத்து, “அண்ணாச்சி, அந்தக் கொள்கலனை இன்று திறக்க வேண்டாம்” என்கிறார் என்று கொள்வோம். சொல்லின் ஈற்றிலே சில பொதிகள் சிதைந்துபோயின. மேற்பார்வையாளர் செவியில் விழுவது யாது? ‘திறக்க’ என்பது தெளிவாகக் கேட்கும். எஞ்சியது ஐயத்துக்கு இடமாகும். அங்கே கதவருகில் நிற்கும் தொழிலாளியின் உயிர் அவ்வோர் எழுத்தில் தங்கியிருக்கிறது. கடலடியில் அசைந்த கயிறும் இதுவும் வேறல்ல.

இவ்விடரை நீக்க வழியுண்டா எனின், உண்டு. முதலாவது, வேண்டிய அளவு செயலி ஆற்றலைத் தொலைபேசி வழங்கிக்கென்றே ஒதுக்கி வைத்தல். மடையில் ஒரு சிறு வாய்க்காலை முறைக்கு உட்படுத்தாமல் எப்பொழுதும் திறந்து வைத்தல் போன்றது இது. வீட்டின் அளவுக்கு மேல் குடித்தனங்களை வைக்காமையும் இதனுள் அடங்கும். இரண்டாவது, கம்பி வழியிலும் குரற்பொதிக்கு முதலிடம் தருதல். நெரிசலில் மருத்துவ ஊர்திக்கு வழிவிடுவது போலப் பிற பொதிகள் ஒதுங்கி நிற்கும். மூன்றாவது, இயங்கும் பொறியைப் படி எடுத்தலை வேலை நேரத்தில் செய்யாமை. அவ்வேளையில் பொறி சில நொடிகள் உறைந்து நிற்றலும் கூடும்.

நான்காவது, கடிகாரத்தைச் செவ்வையாக வைத்தல். மெய்ந்நிகர்ப் பொறிக்குத் தனிக் கடிகாரம் இல்லை. உடற்பொறி எண்ணித் தரும் பொழுதையே அது தன் பொழுதாகக் கொள்ளும். முறை கிடையாத வேளைகளில் அதன் எண்ணிக்கை பிழைபடலாம். பலர் கூடிப் பேசும் கூட்ட அழைப்பில் எல்லாக் குரல்களையும் ஒரே தாளத்தில் கலத்தல் வேண்டும். தாளம் தவறினால் பாட்டுக் கெடுவதுபோல் பேச்சுக் கெடும். ஆதலின் இணையத்தில் உள்ள காலக்காட்டி நிலையங்களோடு கடிகாரத்தை ஒப்பிட்டு அடிக்கடி திருத்துவர்.

பெறும் முனையிலும் ஒரு காப்பு உண்டு. தூத்துக்குடி உப்பளங்களில் நீரை நேரே பாத்தியில் விடாமல், முதலில் ஒரு தேக்கத்தில் நிறுத்திப் பின்னர் அளவாகப் பாய்ச்சுவர். அதுபோல வந்த பொதிகளைச் சிறிது தேக்கி, ஒரு சீராகச் செவிக்கு விடும் தேக்கம் ஒன்று தொலைபேசியில் உண்டு. முந்தியும் பிந்தியும் வந்த பொதிகள் அங்கே வரிசையுறும். ஆயினும் தேக்கத்தை மிகப் பெரிதாக்குதல் ஆகாது. பேசிய குரல் மறுமுனையை அடைய, நொடியின் ஆயிரத்தில் 150 பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று என்று உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்துள்ளது. அதனின் மிகுந்தால், ஒருவர் பேசும்போதே மற்றவரும் பேசத் தொடங்கி இருவர் சொல்லும் மோதும்.

ஓர் இடர் நீங்கிற்று, மற்றொன்று உண்டு. ஒரு வழங்கி வீழ்ந்தால் உதவும் என்று இரண்டு வழங்கிகளை அமைப்பர். ஆனால் அவ்விரண்டும் ஒரே உடற்பொறிக்குள் இருந்தால் பயன் என்ன? இரண்டு குடித்தனங்களும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. கூரை சரிந்தால் இரண்டும் வீழும். ஆகவே அவற்றைத் தனித்தனி உடற்பொறிகளில், இயலுமாயின் தனித்தனி ஊர்களில், வைத்தல் வேண்டும்.

இதன் இன்றியமையாமையை 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17, 18ஆம் நாள்களிற் பெய்த பெருமழை உணர்த்திற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரவருணி கரை கடந்தது. தூத்துக்குடி நகர் நீரில் மிதந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டத்தில் நின்றது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல ஊர்களில் அற்றுப்போயின. உற்றார் எங்குள்ளனர், உயிரோடு உள்ளனரா என்று அறிய இயலாமல் மக்கள் தவித்தனர்.

அத்தகைய வேளையில் வேற்றூரில் உள்ள வழங்கி அழியாமல் நிற்கும். வெளியூரிலிருந்து வரும் அழைப்பை ஏற்று, கரையிலுள்ள வேறொருவருக்குத் திருப்பிவிடவும் செய்யும். ஆனால் பேசுபவர் வீட்டில் மின்சாரம் இல்லையேல், இணைய வழி அறுந்ததேல், எத்துணைச் சிறந்த வழங்கியும் அவருக்கு உதவாது. பொறியின் எல்லையை அறிதலும் அறிவின் பாற்பட்டதே. துறைமுகத்தாரும் கப்பலோட்டிகளும் இன்றும் வானொலி அலைவரிசையில் பேசிக்கொள்வதை விட்டுவிடவில்லை. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி திறந்திருத்தல் வேண்டும் என்பது கடலோடிகள் பட்டறிந்த பாடம்.

இன்னுமொன்று. இணையத்தில் வைத்த வழங்கி தெருவில் வைத்த வீடு போன்றது. எளிய கடவுச்சொல்லை உடைத்து உட்புகுந்து, நள்ளிரவில் வெளிநாடுகளுக்கு அழைப்புகள் விடுத்து, பெருந்தொகைக்கான கட்டணத்தை உரியவர் தலையில் சுமத்தும் கள்வர் உளர். உறுதியான தாழும் விழிப்பான காவலும் இல்லாவிடில், சிக்கனம் கருதி அமைத்த நிலையமே பெரு நட்டத்துக்குக் காரணமாகிவிடும்.

இவற்றையெல்லாம் நோக்குங்கால், பொறி எவ்வளவு நுட்பமாயினும் அதனைக் காக்கும் மனிதரின் கருத்தே முதன்மை என்பது தெளிவாகும். எந்தப் பொறிக்கு எவ்வளவு பொழுது, எந்தப் பணி காத்திருக்கலாம், எது காத்திருக்கலாகாது என்று வேறுபடுத்தி அறிபவர் அவரே. பேசுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. உயிரோடு தொடர்புடைய கட்டளையைக் கேட்டவர், “திறக்க வேண்டாம் என்றுதானே கூறினீர்கள்?” என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். கூறியவரும் விடை பெறாமல் தொலைபேசியை வைத்தலாகாது.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. தோணியில் அமர்ந்து கயிறு பிடித்தவர்கள் இன்று இல்லை. ஆயினும் அவர்கள் செய்த தொழில் மறையவில்லை. ஆழத்திலிருந்து வரும் ஒரு சிறு அசைவுக்காகக் கண்ணும் கையும் விழித்திருந்தவர் அவர். கண்காணாத ஊரில் உள்ள பொறியுள் பொறியைக் காத்து, ஒருவர் சொல் மற்றொருவர் செவியைக் காலத்தோடு அடையச் செய்பவரும் அக்கயிற்றையே பிடித்திருக்கிறார். அவர் கை தளராதவரை கரையிலும் கடலிலும் உள்ளோர் நம்பிக்கையோடு தொழில் புரியலாம்.